மந்திரி சொல்லாத தேதி

பிப்ரவரி 5, வியாழன். டெல்லி

குலுக்கலில் என் மசோதா வந்துவிட்டது. மார்ச் 13, வெள்ளிக்கிழமை பிற்பகல், மாநிலங்களவையில் முதலாவதாக எடுத்துக்கொள்வார்கள். ஹென்றி ஓடிவந்து சொன்னபோது நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். தோசை கருகவில்லை. அந்த அளவுக்கு நிதானம் எனக்கு உண்டு.

"நாலு எம்.பி.கிட்ட வேலை பாத்துட்டேன் மேடம். ஒருத்தர் மசோதாகூட குலுக்கல்ல வந்ததே இல்ல" என்றார் ஹென்றி. அவர் என் உதவியாளர். கரோல்பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழர். நாடாளுமன்ற வளாகத்தில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது வரை தெரிந்தவர்.

"அவங்களுக்கெல்லாம் ராசி இல்ல. எனக்கு இருக்கு" என்றேன்.

மந்திரியாக இல்லாத உறுப்பினர்களின் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலைத்தான் ஒதுக்குவார்கள். எல்லோரும் ஊருக்கு விமானம் பிடிக்கிற நேரம் அது. என் பதவிக்காலம் ஏப்ரல் இரண்டாம் தேதி முடிகிறது. உறுப்பினர் போனால் அவருடைய மசோதாவும் கூடவே போய்விடும். ஆக எனக்கு இந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். போதும்.

மசோதா சின்னது. ஓய்வூதியம் வரும் வங்கிக் கவுண்டரிலேயே அந்த ஓய்வூதியருக்கு இன்சூரன்ஸ், முதலீட்டுத் திட்டம் எதையும் விற்கக் கூடாது. வேறு எங்கே விற்றாலும், ஒரு மாதத்துக்குள் வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய ஒழுங்குமுறை ஆணையம், என்ன புகார் வந்தது, என்ன செய்தது என்று வருஷா வருஷம் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். இப்போது அவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. அரசியலுக்கு வருமுன் மதுரையில் இருபது வருஷத்துக்கு மேல் இன்சூரன்ஸ் முகவராக இருந்தவள் நான். எப்படி விற்பார்கள் என்று தெரியும். எப்படி விற்கக் கூடாது என்றும் தெரியும்.

மாலையில் தச்சர் வந்தார். சமையலறைக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பிளைவுட்டா, தேக்கா என்று கேட்டார். தேக்கு என்றேன்.

"ஏப்ரல்ல காலி பண்ற வீட்டுக்கு எதுக்கு மேடம் தேக்கு?" என்றார் ஹென்றி.

வருகிறவர்களுக்காவது உபயோகப்படட்டுமே என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கட்சி மறுபடி எனக்கு சீட் தருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு அதில் அப்படியொன்றும் ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட்டேன். பட்டியல் மார்ச் பதினைந்து வாக்கில் வரும் என்று சும்மா காதில் விழுந்தது.

பிப்ரவரி 19, வியாழன். மதுரை

கூட்டத்தொடருக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். காலையில் வீட்டுக்காரரோடு வங்கிக்குப் போனேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயர் சொக்கலிங்கம், என் பெயர் அங்கயற்கண்ணி. மதுரையில் இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரிக்காத ஆளே கிடையாது. கோயிலிலும் அம்மனுக்குத்தான் முதல் மரியாதை என்று அவரும் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாஸ்புக்கைப் பதியக் கொடுத்ததும் கவுண்டரில் டை கட்டியிருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். என்னை யாரென்று தெரியவில்லை.

"சார், உங்க அக்கவுண்ட்ல பணம் சும்மா தூங்குதே. எழுப்பிவிட்ருவமா?"

"தூங்கட்டும் தம்பி. நானும் மத்தியானம் ஒரு தூக்கம் போடுறவன்தான்" என்றார் இவர்.

"அஞ்சே அஞ்சு வருஷம் கட்டுனாப் போதும் சார். அப்பறம் வாழ்நாள் பூரா வரும்."

"எனக்கு எழுபத்தொண்ணு. யாரு வாழ்நாளச் சொல்றீங்க?"

நான் குறுக்கே புகுந்தேன். "முத வருஷம் கட்டுற பணத்துல எம்புட்டுப் பிடிச்சுக்குவீங்க?"

"அதெல்லாம் பத்திரத்துல போட்ருக்கும் மேடம்."

"நீங்க படிச்சுப் பாத்தீகளா?"

அவர் கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இல்ல மேடம். மாசக் கடைசிக்குள்ள நாலு பாலிசி போடணும். இல்லாட்டி வேற ஊருக்குத் தூக்கிருவாங்க."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவரை அங்கே நிற்க வைத்தவர்கள் மேல்தான் வந்தது. வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "அவனப் போயி திட்டிராத. மேல இருக்குறவய்ங்க ஆட்டுறாய்ங்க, இவன் ஆடுறான். நீ அந்த மேல இருக்குறவய்ங்களக் கேளு."

"அதுக்குத்தான மசோதா கொண்டாந்திருக்கேன்."

"சரி, ஏப்ரல்ல ஊரோட வந்துருவேல்ல? மாடி ரூம சுத்தம் பண்ணச் சொல்லட்டா?"

தெருவில் ஒரே இரைச்சல். அவர் கேட்டது சரியாகக் காதில் விழவில்லை.

மார்ச் 9, திங்கள். டெல்லி

ஹென்றி ஒரு புது வில்லங்கத்தைக் கிளப்பினார். அவையில் இருபத்தைந்து பேராவது இருந்தால்தான் கூட்டம் நடக்கும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் அத்தனை தலை தேறாது. யாராவது ஒருவர் எழுந்து ஆள் குறைவு என்று சொன்னால் போதும். மணி அடிப்பார்கள். ஆள் வராவிட்டால் சபையை ஒத்திவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் மசோதா பாதியில் நிற்கும்.

"இருபத்தஞ்சு என்ன, முப்பது பேரைக் கொண்டாறேன். பாருங்க" என்றேன்.

பாலிசி விற்கப் போகும்போது பாலிசியைப் பற்றிப் பேசவே கூடாது. அவர்கள் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். மதுரையிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய்ப் பொட்டலங்களோடு மைய மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டேன். கேரள உறுப்பினர் ஒருவரிடம் அவர் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டேன். இன்னொரு கேரளக்காரரிடம் அவர் மகளுக்குப் பிறந்த இரட்டையர்களைப் பற்றிக் கேட்டேன். ஆந்திரக்காரர் ஒருவரிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே மருமகனைப் பற்றி அரை மணி நேரம் புலம்பினார். கடைசியில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: உங்கள் வீட்டில் ஓய்வூதியம் வாங்குகிறவர் யாராவது வங்கியில் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? பத்தில் எட்டுப் பேர் வீட்டில் போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு அவர்களே கேட்டார்கள்: நானும் பேசலாமா? பேசுங்கள், ஆனால் கடைசி வரை உட்கார வேண்டும் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஹர்பன்ஸ் கௌர் அக்காவையும் சேர்த்துக்கொண்டேன். பஞ்சாப், வயது எழுபத்து நான்கு, ஒரு சின்னக் கட்சியின் ஒரே உறுப்பினர். இன்னும் மூன்று வருஷம் பதவி இருக்கிறது. அவையில் எந்த நேரத்தில் பார்த்தாலும் கண்ணை மூடியபடி இருப்பார். தூங்குகிறார் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நானும்தான். தூங்கினாலும் ஒரு தலை ஒரு தலைதானே.

எங்கள் இருவருக்கும் பொது மொழி பாதி இந்தி, பாதி கைஜாடை. தேநீர் குடித்துக்கொண்டே மசோதாவை விளக்கினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"மந்திரி கடைசியில என்ன சொல்வான்?"

"எப்பவும் சொல்றதுதான். அரசு கவனிக்கும், நீங்க மசோதாவ வாபஸ் வாங்கிக்கோங்கன்னு கேப்பார். எல்லாரும் வாங்கிருவாங்க. அது இந்தச் சபையோட மரபு."

"நீ?"

"தேதி சொன்னா வாங்குவேன். இன்ன தேதிக்குள்ள விதி போடுறோம்னு சபையில சொல்லணும். சொல்லலேன்னா ஓட்டெடுப்புதான் அக்கா. விட மாட்டேன்."

"தேதி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிவிட்டார்.

மார்ச் 11, புதன்

நிதித்துறை இணை அமைச்சர் சக்லானி கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், பிஸ்கட் தட்டைத் தானே எடுத்து நீட்டினார். மசோதா நியாயமானது என்றார். ஆனால் தனிநபர் மசோதாவை அரசு ஏற்பது வழக்கமில்லை என்றார். ஓட்டெடுப்பு வந்தால் அவர் ஆட்கள் எதிர்த்துத்தான் போட வேண்டியிருக்கும், அது அவருக்கும் சங்கடம்.

"அப்படியானால் ஆறு மாதத்துக்குள் ஆணையம் விதிகளைக் கொண்டுவரும் என்று சபையில் சொல்லுங்கள். நான் வாபஸ் வாங்குகிறேன்" என்றேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார், நான் என் ஆங்கிலத்தில் பேசினேன்.

ஆகட்டும் என்று தலையசைத்தார். கை குலுக்கினோம். விளையாட்டாகவே முடிந்துவிட்டது. ஹென்றிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "தலையாட்டறது பதிவுல வராது மேடம்" என்கிறார். இந்த ஆளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

மார்ச் 12, வியாழன்

மாசிலாமணி அண்ணன் காரில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவர் எங்கள் கட்சியின் மாநிலங்களவைக் குழுத் தலைவர். இந்தியா கேட்டை இரண்டு முறை சுற்றினோம்.

"கண்ணியம்மா, நாளைக்கு வாபஸ் வாங்கிடு. ஓட்டு கீட்டுன்னு இழுத்துடாத. மத்தியில இருக்கறவங்களோட இப்ப உரச வேணாம்னு தலைமை நெனைக்குது."

"மந்திரி தேதி சொல்றேன்னிருக்காரு அண்ணே. சொன்னதும் வாங்கிருவேன்."

"சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? வாங்கிடு. பட்டியல்ல உன் பேரு இருக்கு, என் கண்ணால பாத்தேன். நீயே கெடுத்துக்காத."

நான் ஏற்கெனவே வாபஸ் வாங்குவதாக முடிவு செய்தவள். மந்திரி தந்த வாக்குக்காக. அண்ணன் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் யாரும் தவறாக நினைக்கக் கூடாதே என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

தச்சரிடம் அலமாரிக்குப் பித்தளைப் பிடி போடச் சொன்னேன்.

மார்ச் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இரண்டரை மணிக்கு எழுந்து மசோதாவை முன்மொழிந்தேன். தமிழில்தான் பேசினேன். காதில் மாட்டும் கருவியில் இந்தி, ஆங்கில மொழிபெயர்ப்பு போனது. டை கட்டிய அந்த வங்கிக்காரரின் நாலு பாலிசிக் கதையைச் சொன்னேன், ஊர் பெயரைச் சொல்லவில்லை. எதிர் வரிசையிலும் சிலர் மேசையைத் தட்டினார்கள். எண்ணிப் பார்த்தேன், தொண்ணூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஹென்றி மேலே மாடத்திலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

என் ஆட்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. கடலை மிட்டாய்க்கு இவ்வளவு சக்தியா? ஹர்பன்ஸ் அக்காவின் முறை வந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் அவரை எழுப்பப் போனார். அவரோ தானே எழுந்து நின்றார்.

"என் அண்ணன் பட்டாளத்தில சுபேதார். பென்ஷன் வாங்கப் போன எடத்தில காட்டின எடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். என்ன பாலிசின்னு சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. இப்பவும் தவணை கட்டச் சொல்லி போன் வருது. அண்ணனக் கூப்பிடுன்னு சொல்றாங்க. நான் எங்கேருந்து கூப்பிடுவேன்?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரை மணி இருக்கும். கேரளக்காரர்கள் இருவரும் ஆந்திரக்காரரும் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்தேன். ஆறு மணி விமானங்கள். நான் கேட்டுக்கொண்டதற்காக இருக்கிறவர்கள். பாலிசி கையெழுத்தானதும் வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது என்பது என் தொழில் பழக்கம். எழுந்து போய்க் காதில் சொன்னேன்: "எல்லாம் பேசி முடிச்சாச்சு. மந்திரி தேதி சொல்லப்போறார், நான் வாபஸ் வாங்கப்போறேன். நீங்க கிளம்புங்க." மூவரும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஆளுங்கட்சி வரிசையிலும் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். சக்லானியும் தன் ஆட்களிடம் இதையே சொல்லியிருப்பார்.

நாலு மணிக்குப் பிறகு அவர் எழுந்தார். என்னைப் புகழ்ந்தார், ஓய்வூதியரைப் புகழ்ந்தார், அரசு என்னென்ன செய்திருக்கிறது என்று வாசித்தார். பிறகு சொன்னார்: "ஒழுங்குமுறை ஆணையம் உரிய காலத்தில் தகுந்த விதிகளை வகுக்கும். மாண்புமிகு உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார்.

உரிய காலத்தில். மொழிபெயர்ப்பாளர் தேதியை விட்டிருப்பார் என்று நினைத்தேன். காதுக்கருவியில் ஏதோ கோளாறாகவும் இருக்கலாம். பக்கத்தில் மாசிலாமணி அண்ணன் என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சபைத் தலைவர் இருக்கையிலிருந்து என் பெயரை அழைத்தார்கள். எழுந்தேன். மந்திரிக்கு நன்றி சொன்னேன். "அவையின் அனுமதியோடு மசோதாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

அனுமதி தரப்படுகிறதா என்று தலைவர் கேட்டார். அதைக் கேட்கும்போதே அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். யாரும் பதில் சொல்லாத கேள்வி அது.

"இல்லை."

ஹர்பன்ஸ் அக்கா. கண் அகலத் திறந்திருந்தது.

"தேதி எங்கே? தேதி சொன்னாத்தான் வாபஸ்னு இவ என்கிட்ட சொன்னா. அவர் தேதி சொல்லல. நான் அனுமதி தரல."

பின்வரிசையிலிருந்தும் ஒரு குரல் "இல்லை" என்றது. இடது பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு. பிறகு எத்தனை என்று தெரியவில்லை. நான் கடலை மிட்டாய் கொடுத்துச் சேர்த்த ஆட்கள். மேசைக்கு முன்னால் இருந்த அதிகாரிகள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். திரும்பப் பெற அவை மறுத்துவிட்டது, ஆகவே மசோதாவின் மேல் ஓட்டெடுப்பு என்றார் தலைவர். மணி அடித்தார்கள். கதவுகளைச் சாத்தினார்கள்.

"மஞ்சள அழுத்தும்மா" என்றார் அண்ணன், உதடு அசையாமல். மஞ்சள் என்றால் எந்தப் பக்கமும் இல்லை என்று அர்த்தம். "நீ வாபஸ் வாங்கிட்ட, உன் கடமை முடிஞ்சுது. மஞ்சள அழுத்து. பட்டியல் நாளை மறுநாள் வருது."

எங்கள் ஓட்டுப் பெட்டியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு கையால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே மறு கையால் வண்ணப் பொத்தானை அழுத்த வேண்டும். விரல் தவறிப் பட்டுவிட்டது என்று பின்னால் சொல்ல முடியாது. இரண்டு கையும் வேண்டும்.

பச்சையை அழுத்தினேன்.

பலகையில் எண்கள் வந்தன. ஆதரவு இருபத்தொன்பது. எதிர்ப்பு முப்பத்தொன்று. நடுநிலை ஒன்று, அது அண்ணன்.

இரண்டு ஓட்டு. நான் விமானத்துக்கு அனுப்பி வைத்தவர்கள் மூன்று பேர்.

வெளியே தாழ்வாரத்தில் ஹர்பன்ஸ் அக்காவைப் பிடித்தேன். "ஏன் அக்கா அப்படிச் செஞ்சீங்க?"

"நீ வித்த பாலிசிய நான் நம்பி வாங்கினேன். பாதியில நீதான் கடையச் சாத்தப் பாத்த" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து வந்தார்.

சற்று முன் கேரளக்காரர்களில் ஒருவர் கொச்சியில் இறங்கிச் செய்தி அனுப்பியிருக்கிறார்: மந்திரி என்ன தேதி சொன்னார்? இன்னும் பதில் அனுப்பவில்லை.

மார்ச் 14, சனி

அலமாரி வேலை முடிந்தது. நன்றாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை. எனக்கு ஆர்வமில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். வலிக்கிறது. நன்றாகவே வலிக்கிறது.

வீட்டுக்காரர் போன் செய்தார். டிவியில் பார்த்திருக்கிறார்.

"மாடி ரூம சுத்தம் பண்ணியாச்சு."

"எப்பங்க?"

"நீ பதில் சொல்லாமப் பேச்ச மாத்துன அன்னைக்கே. என்ன, பச்சை அமுக்குனியாமே?"

"ஆமா."

"பெறகென்ன? பெரிய ஆளுதான் நீ. சாப்பிட்டு வெரசாத் தூங்கு."

போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன். பிறகு தயிர் சாதம் சாப்பிட்டேன்.

ஹென்றி சாயங்காலம் அவைக் குறிப்பின் நகலைக் கொண்டுவந்தார். மந்திரியின் வாக்கியம் அச்சில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் எதையும் விடவில்லை. காதுக்கருவியும் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

நாளை ஓய்வு பெறும் உறுப்பினர்களுக்குப் பிரிவுபசாரம். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். ஹென்றி நன்றியுரை ஒன்று தட்டச்சு செய்து வைத்திருந்தார். தலைவருக்கு நன்றி, கட்சித் தலைமைக்கு நன்றி, உணவகத்துக்கு நன்றி.

"அதிகமாப் பேசினா மணி அடிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மட்டும் அடிக்க மாட்டாங்க மேடம். குறுக்க யாரும் பேசவும் மாட்டாங்க. போறவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குவாங்க. அதுதான் மரபு."

"மரபுதானே? நல்லது" என்றேன்.

மார்ச் 25, புதன்

நான் ஏழாவதாகப் பேசினேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் கவிதை சொன்னார்கள், கண் கலங்கினார்கள். மந்திரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவை நிறைந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை இவர்களில் இன்னும் மூன்று பேர் என் பக்கம் இருந்திருந்தால் போதும் எனக்கு.

ஹென்றியின் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

"பதின்மூன்றாம் தேதி இந்த அவையில் நான் ஒரு மசோதாவைத் திரும்பப் பெற எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது. மந்திரி என்னிடம் ஒரு தேதி சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். சபையில் அதைச் சொல்ல மறந்துவிட்டார், கேட்க நான் மறந்துவிட்டேன். நான் மறந்ததற்கு எனக்குச் சொந்தக் காரணம் இருந்தது. மூத்த சகோதரி ஒருவர் மறக்கவில்லை. எனக்குப் பின்னால் பேசப்போகிறவர்கள் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம். அந்தத் தேதியைச் சொன்னால் போதும். வங்கிக் கவுண்டரில் ஓய்வூதியரிடம் விற்பதை ஆணையம் எப்போது நிறுத்தும்? நான் காத்திருக்கிறேன்."

உட்கார்ந்தேன். பிரிவுபசார நாளில் கேள்வி கேட்கலாமா என்று விதிப் புத்தகத்தில் இருக்காது. யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். தலைவர் அதிகாரிகளைப் பார்த்தார், அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாசிலாமணி அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒருவரும் குறுக்கிடவில்லை. முன்வரிசையிலிருந்த ஆளுங்கட்சிக் குழுத் தலைவர் மெல்லத் திரும்பி சக்லானியைப் பார்த்தார். பிரியாவிடை பெறுகிற பெண்ணுக்கு இத்தனை பேர் முன்னால் இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சக்லானி எழுந்தார். காதுக்கருவியைக் கழற்றிவிட்டு அவர் சொன்ன இந்தியை நேராகவே கேட்டேன். எனக்கு அந்த அளவு இந்தி போதும்.

"மாண்புமிகு உறுப்பினர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜூலை மாதம் முடிவதற்குள் விதிகள் இந்த அவையின் மேசையில் வைக்கப்படும். இது என் உறுதி."

இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். கும்பிடக் கையை எடுத்தேன். சக்லானியும் சிரித்தபடி உட்காரப் போனார்.

அப்போது பின்னாலிருந்து ஹர்பன்ஸ் அக்காவின் குரல், மைக் இல்லாமலே அவை முழுக்கக் கேட்டது.

"எந்த வருஷ ஜூலை?"

அவை முழுக்கச் சிரித்தது. மந்திரி மறுபடி எழுந்து நின்று வருஷத்தையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சுருக்கெழுத்தர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.